சோழர் காலத்து வீட்டை நான் பெருக்கிவிட்ட காலை

நாளைக்கு அகழாய்வுக் குழியில் இறங்கப்போகிற உங்களுக்கு, மண்ணை எப்படிச் சுரண்டுவது, பானை ஓட்டை எப்படிக் கழுவி நிழலில் உலர்த்துவது என்றெல்லாம் படித்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். இதை எழுத ஒரு வாரம் ஆனது, பிழைகளை உங்களில் ஒரு பெண் திருத்திக் கொடுத்தாள். ஆனால் ஆரணி ஆற்றுப் பள்ளத்தில் நாங்கள் தோண்டிய காலத்தில் என் காலைக் கேட்காமல் ஒரு தரையையும் திறந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். அந்தப் பெருமை ஒரு காலையில் எப்படி மண்ணாய்ப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அகழாய்வுக்கு வருவதற்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தேன். பெருக்குகிற வேலைக்கு அங்கே அப்படி ஒரு பெயர். பதினோரு வருஷம் பெருக்கினேன். இரும்புத்தூள் விழுகிற தரை அது. ஒரு ஷிப்டுக்குள் கறுத்துப் போகும். நான் பெருக்கின இடத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டி, “தேசம்மா பெருக்கின எடத்துல எல போட்டு சாப்பிடலாம்” என்று சூப்பர்வைசர் சொல்வார். எனக்குச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது, அந்த வார்த்தைதான்.

சிமெண்டுத் தரையில் நின்று நின்று முட்டி தேய்ந்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபோதுதான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தோண்டுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆற்றுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே, கை குவித்து வைத்த மாதிரி ஒரு பள்ளம். நெல் விளைந்த நிலம்தான். கிடங்குகள் கட்டுவதற்காக ஒரு கம்பெனி அதை வாங்கிச் சமன்படுத்திக்கொண்டிருந்தது. பள்ளத்தின் நடுவே ஒரு மேடு. அதில் யாரும் ஏர் ஓட்டியதில்லை. கால் வைத்த இடமெல்லாம் பானை ஓடு குத்தும் என்பதால் ஓட்டு மேடு என்போம். மண் வாரும் இயந்திரம் அந்த மேட்டில் பல்லை வைத்தபோது செங்கல் சுவர் ஒன்று தெரிந்தது. மேட்டில் மட்டும் வேலையை நிறுத்தினார்கள். சுற்றி ஒன்றும் நிற்கவில்லை. நாங்கள் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருப்போம், இருபது அடி தள்ளி லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும்.

எங்களுக்குத் தலைமையாக வந்த மேடம் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. முதல் நாள் எல்லோரையும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் நடக்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, “அக்கா, மண்ணு எங்க மாறுதுன்னு தெரியுதா?” என்றார்.

நான் கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் மண் பொதபொதவென்று இருந்தது. அந்தப் பக்கம் குளிர்ந்து, கெட்டியாக, மிதிபட்ட மண். சேற்றில் நாற்று நட்டவளுக்குக் காலுக்கு அடியில் தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதா? கோட்டின் மேலேயே தோண்டினோம். சுவர் வந்தது. அன்றிலிருந்து எந்தக் குழி திறந்தாலும், “தேசம்மா அக்காவ ஒரு தரம் நடக்கச் சொல்லுங்க” என்பார்.

வீடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அகலமான தட்டைச் செங்கல் சுவர், முழங்கால் உயரத்துக்கு. அடித்து மெழுகிய தரை. ஒரு மூலையில் அடுப்பு. வாசற்படிக் கல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது, எத்தனை கால் ஏறி இறங்கியதோ. அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அம்மி, அதுவும் கவிழ்ந்த நிலையில். சோழர் காலத்து வீடாக இருக்கும் என்று மேடம் மெதுவாகச் சொன்னார். ராஜாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த வீட்டுக்காரியைத்தான் தெரியும். அவள் உட்கார்ந்து ஊதிய இடம் அடுப்படியில் லேசாகப் பள்ளமாக இருந்தது. நான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பொருந்தியது.

அதற்குப் பிறகு என் புத்தி பாதி நேரம் அங்கேதான் இருந்தது. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கருவேல மரத்தடிக்குப் போனால் நான் அந்த வீட்டுச் சுவரோரம் குழிக்கு வெளியே உட்கார்ந்துகொள்வேன். இந்த மூலையில் உறி தொங்கியிருக்கும், இங்கே குழந்தை தூங்கியிருக்கும் என்று நினைப்பு ஓடும். லாரிச் சத்தம்கூடத் தூரத்தில் எங்கோ வண்டி போகிற மாதிரி கேட்கும். இரும்புக் கம்பெனியிலும் பிறகு இங்கேயும் என்னோடு வேலை செய்த குமாரி, எங்கள் தெருப் பெண், வாய் கொஞ்சம் நீளம். “இன்னாக்கா, உன் ஊட்டுக்குக் கெளம்பிட்டியா?” என்பாள்.

“ஆமாண்டி. சாவி என்னாண்டதான் கீது” என்பேன்.

அடுப்பிலிருந்து வாசல்வரைக்கும் தரைமேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. அதில் கருகிய நெல்மணிகள் கறுப்புப் பொட்டு மாதிரி தெரிந்தன. அதைப் பார்த்ததும் மேடம் எல்லோரையும் குழியைவிட்டு மேலே ஏறச் சொல்லிவிட்டார். அப்புறம் எங்களையெல்லாம் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

கிடங்குக் கம்பெனி என்ஜினியர் அந்த வீட்டைப் பழசு என்று ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல் சூளைக்காரர்கள் தாத்தா காலத்தில் கட்டிய குடிசை என்றார். பானை ஓடுகளை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டோம் என்றும் மேலே கடிதம் எழுதியிருந்தார். அதனால் ஓர் அதிகாரி வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார். அவர் கண் முன்னால் அந்தக் கருகிய நெல்லை எடுத்து டப்பாவில் போட்டு முத்திரை வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நெல் எந்தக் காலத்தது என்று சோதனைச்சாலையில் சொல்லிவிடுவார்கள். அந்த நெல் போனால் வீடும் போச்சு. திங்கட்கிழமை இயந்திரம் இறங்கும்.

“அதுவரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது. மூச்சுகூட மெதுவா விடுங்க” என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரிக்கு வழி தெரியாது என்று மேடம் பெரிய ரோட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம், “தார்ப்பாயை எடுத்துட்டுக் காவலுக்கு நில்லுங்கக்கா. உங்கள நம்பித்தான் போறேன்” என்றார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. குமாரி அடுத்த குழிகளின் கயிற்றை அவிழ்க்கப் போனாள். நான் தார்ப்பாயைச் சுருட்டினேன்.

ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் வந்து பள்ளத்தில் தேங்கியிருந்தது. இயந்திரங்கள் இன்னும் கிளம்பவில்லை. கிடங்குக் கம்பிகள், லாரிகள், மண் மலைகள் ஒன்றும் தெரியவில்லை. அந்த வீடு மட்டும் இருந்தது. பனிக்குள்ளிருந்து வெயில் சாய்வாக வந்து வாசற்படியில் விழுந்தது. உள்ளே எல்லோரும் தூங்குகிறார்கள், இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை என்பது மாதிரி ஓர் அமைதி. கருவேல இலை நாலைந்து தரையில் கிடந்தது.

இலையை எடுக்கலாம் என்றுதான் இறங்கினேன். சுவர்மேல் தூசி தட்டுகிற பூந்துடைப்பம் கையில் இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள், வாசலில் இலை கிடக்கிறதே என்ற நினைப்பு. அதற்கப்புறம் நடந்ததை யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் தூங்கவில்லை. ஆனால் அங்கேயும் இல்லை. உள்ளே யாரோ இருமுகிற மாதிரியும், அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரியும், அதற்குள் பெருக்கி முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரியும் இருந்தது. இடுப்பை வளைத்து, மூலையிலிருந்து வாசலுக்கு, கோடு கோடாக. வாரினதைப் பாண்டுச்சட்டியில் அள்ளிக்கொண்டுபோய், வேண்டாத மண்ணைக் குவிக்கிற மண்மேட்டில் கொட்டினேன். திரும்பி வந்து குடத்துத் தண்ணீரில் இரண்டு கை வாசற்படியில் தெளித்தேன்.

“யக்கா!”

குமாரி குழி விளிம்பில் நின்றிருந்தாள்.

“இன்னாக்கா பண்ட்ட?”

குனிந்து பார்த்தேன். தரை பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை.

மண்மேட்டுக்கு ஓடினோம். அதற்குள் ஒரு லாரி வந்து அதன்மேலேயே கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

“இன்னாடி செய்றது?” என்றேன்.

“காத்து அடிச்சிதுன்னு சொல்டு.”

“காத்து எங்கடி அடிக்குது? எல கூட ஆடல.”

குமாரி ரோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பக்கத்துக் குழில ஒரு அடுப்பு கீதுல்ல? அதுலயும் சாம்பல் கீது, கருகுன நெல்லும் கீது. ரெண்டு கை அள்ளியாந்து தூவி உட்டா யாருக்குத் தெரியும்? உனுக்கும் எனுக்கும்தான் தெரியும். கம்னு இருந்துக்கலாம்.”

அந்த அடுப்பு எந்தக் காலத்தது என்று மேடமே இன்னும் முடிவு செய்யவில்லை. மேலே ரொம்ப ஆழமில்லாத மண்ணில் இருந்த அடுப்பு, அதனால் தாத்தா காலத்ததாகக்கூட இருக்கலாம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன், அள்ளிக்கொண்டு வந்தேன், தூவினேன். கோலமாவு விடுகிற விரல் இது. அடுப்பிலிருந்து வாசலுக்கு மெல்லிசாக, முன்னால் இருந்த மாதிரியே, நெல்மணியை ஒன்றிரண்டாகச் சிதறவிட்டு. எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? குமாரியே வாயைப் பிளந்தாள். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளே ஒரு துளி சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. பெருக்கியது என் கை. தூவியது நான்.

கார் வந்து நின்றது. அதிகாரி வயதானவர், கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இறங்கினார். என்ஜினியர் வெள்ளைச் சட்டை, மஞ்சள் தொப்பி. மேடம் முன்னால் வந்து குழியைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

“இதுதாங்க சார் அந்தத் தரை” என்றார். டப்பாவைத் திறந்து, சின்னக் கரண்டியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். அதிகாரியும் சிரமப்பட்டுக் குனிந்தார்.

“சூளைக் குடிசைதான் சார் இது. எங்க தாத்தா காலத்துல இந்தப் பக்கம் ஊருக்கு நாலு சூளை” என்றார் என்ஜினியர்.

மேடம் அதிகாரியிடம் என்னைக் காட்டி, “சார், இந்தத் தரையக் கண்டுபிடிச்சதே இவங்கதான். இவங்க கால் சொன்னா நான் அப்படியே எழுதிக்குவேன்” என்றார்.

கரண்டி சாம்பலுக்கு ஒரு விரற்கடை மேலே இருந்தது.

“எடுக்காதீங்க மேடம்” என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அது அந்தச் சாம்பல் இல்ல. காலைல நான் ஊட்ட பெருக்கிட்டேன். எல்லாம் மண்மேட்டுக்குப் போயிடுச்சி. பயந்துகினு, பக்கத்துக் குழிலருந்து அள்ளியாந்து தூவிட்டேன். இத அனுப்பாதீங்க.”

என்ஜினியர் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா சார்? லெட்டர்ல நான் எழுதினது இதைத்தான். அவங்க ஆளே சொல்லிடுச்சு.”

அதிகாரி எழுந்து நின்று பேனாவை மூடினார். “என்னம்மா இது?” என்று மேடத்தைக் கேட்டார்.

மேடம் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. திட்டுவார், அழுவார், என்னைப் போகச் சொல்வார் என்று நின்றேன். இதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் அவர் என்னைப் பற்றியும் யோசிக்கவில்லை, தன்னைப் பற்றியும் யோசிக்கவில்லை. தரையைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். தலையைத் தூக்கி, சாதாரணமாக, காய்கறி விலை கேட்கிற குரலில் கேட்டார்:

“அக்கா, துடைப்பம் எங்க படல?”

எனக்குச் சுருக்கென்றது. “இன்னா மேடம் கேக்கறீங்க? நான் பெருக்குனா படாத எடமே கெடையாது.” அந்த நிலைமையிலும் வாய் அப்படித்தான் சொன்னது.

“நல்லா யோசிங்க.”

யோசித்தேன். கையை ஆட்டி, காலையில் போன கோடுகளை மனதிலேயே இன்னொரு தரம் போனேன். மூலை, சுவரோரம், அடுப்படி. அடுப்படியில் கை ஒரு வளைவு வளைந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

பதினோரு வருஷம் கம்பெனியில் எனக்கிருந்த பெயரை அந்த அதிகாரிக்கும் என்ஜினியருக்கும் முன்னால் கீழே வைக்கவேண்டியிருந்தது. திருடினேன் என்று சொல்வதுகூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

“அம்மிக்கு அடில பெருக்கல மேடம்” என்றேன். “நவுத்தாம சுத்திப் பெருக்கிட்டேன். எப்பவுமே அப்டித்தான். எங்க ஊட்லயும் அப்டித்தான்.”

“கம்பெனில மிசினுக்கு அடிலயும் அப்டித்தான்” என்றாள் குமாரி, மேலேயிருந்து.

அதிகாரி இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் வரைந்து முடிக்கும்வரை தரைமேல் கிடக்கிற பொருளை நகர்த்துவதில்லை என்பது எங்கள் வேலையில் வழக்கம். அதனால் அம்மியை அதுவரைக்கும் யாரும் தூக்கவே இல்லை. கவிழ்ந்த மேனிக்கு அப்படியே கிடந்தது.

“அதுக்கு அடியிலயும் தூவி வச்சிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?” என்றார் என்ஜினியர்.

“நீங்களே தூக்குங்க சார்” என்றார் மேடம். “எங்க ஆளுங்க யாரும் கிட்ட வரமாட்டோம். அசைக்கறதுக்கு முன்னால, சுத்தி மண்ணு எப்படிப் பிடிச்சிருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

நாங்கள் எல்லோரும் மேலே ஏறிவிட்டோம். என்ஜினியர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மியைச் சுற்றி மண் இறுகி, செத்த புல்வேர்கள் நூல் மாதிரி கல்லோடு பின்னிக் கிடந்தன. அசைத்தார், அசையவில்லை. கார் டிரைவரைக் கூப்பிட்டார். இருவரும் கடப்பாரை வைத்து நெம்பினார்கள். வெள்ளைச் சட்டை செம்மண்ணானது. கல் ஒரு சத்தத்தோடு பெயர்ந்தது, ரொம்ப நாளாக மூடியிருந்த கதவு திறந்த மாதிரி.

அடியில் அம்மியின் அளவுக்கு அப்படியே சாம்பல். யாரும் மிதிக்காதது. அதில் கருகிய நெல், உமி பிரியாமல், ஒரு பிடி இருக்கும்.

என்ஜினியர்தான் முதலில் பேசினார். “இது பழசாத்தான் தெரியுது சார்” என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர், தன் வேலையைப் பார்த்தவர். அதிகாரி கரண்டியை வாங்கி, தன் கையாலேயே எடுத்து டப்பாவில் போட்டு, ஒட்டின தாளில் கையெழுத்துப் போட்டார். முடிவு வரும்வரை மேட்டில் எதையும் இறக்கக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

முடிவு வரப் பல மாதம் ஆனது. சோழர் காலம்தான் என்று வந்தது. கிடங்கின் சுவர் கொஞ்சம் தள்ளிப்போனது. இப்போது அந்த மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, இரண்டு பக்கமும் லாரிகள் பின்னால் வந்து சரக்கு இறக்குகின்றன. ஜெயித்துவிட்டோம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வீடு தனியாகவா இருக்கும்? பக்கத்து வீட்டுக்காரி இருந்திருப்பாள், தெரு இருந்திருக்கும், தண்ணீருக்குப் போகிற பாதை இருந்திருக்கும். அதெல்லாம் சிமெண்டுக்கு அடியில். எங்களுக்குக் கிடைத்தது ஒருத்தியின் அடுப்படி. அந்த அம்மியை யார் கவிழ்த்தார்கள், ஏன் கவிழ்த்தார்கள் என்று இன்றைக்கும் கண்ணை மூடினால் யோசனை ஓடும். அவசரமாகக் கிளம்பினார்களா? திரும்பி வருவோம் என்று நினைத்தார்களா? மேடத்துக்கும் தெரியவில்லை.

கார் போன பிறகு, அன்று பிற்பகல் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு விடுகிறேன். மேடம் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குழியில் நடக்கிறது ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும், பிறகு அது புத்தகமாக அச்சாகும். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அதுவரைக்கும் அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

“இன்னா எழுதறீங்க மேடம்? எனுக்குப் படிச்சிக் காட்டுங்க.”

படித்தார். “‘காலையில் ஒரு பணியாளர் கவனக்குறைவாகத் தரையைப் பெருக்கியதில் சாம்பல் படிவு அழிந்தது. பிறகு வேறு குழியின் சாம்பல் அங்கே தூவப்பட்டது.’”

“ஒரு பணியாளர்னா யாரு? இங்க இருவது பேரு கீறோம். நாளைக்குப் படிக்கறவன் குமாரின்னு நெனச்சிக்கினா?”

“ஐயய்யோ” என்றாள் குமாரி.

“வேணாங்க்கா” என்றார் மேடம். “அச்சுல வரும். எல்லாரும் படிப்பாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தப் பேஜாரு?”

“படிக்கட்டும். பெருக்குனது தேசம்மா, தூவுனது தேசம்மா, சொன்னதும் தேசம்மா. மூணையும் போடுங்க.”

அவர் அந்த வரியை அடித்து எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பினார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். என் பெயர் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த வார்த்தையில் விரல் நின்றது.

“இன்னும் ஒண்ணு கீது மேடம்.”

“என்னக்கா?”

“கவனக்கொறைவான்னு போட்டுக்கீறீங்க. அது பொய்யி. நான் நல்லா கவனமாத்தான் பெருக்குனேன். அத எடுத்துடுங்க.”

மேடம் அந்த வார்த்தையை அடித்தார்.